பழங்காலக் கண்ணாடி வாசனைக் குப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருநீல உடம்பு. அதன் மேல் மஞ்சளும் வெளிர்நீலமுமாக அலை அலையாக ஓடும் வரிகள். தோளில் குட்டிக் காது இரண்டு. உயரம் சுமார் அரைச் சாண். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த பழைய கல்லறைகளிலும் கோயில்களிலும் கிடைத்த இந்த வாசனைத் தைலக் குப்பியை முதன்முறை பார்க்கிறவர்கள், “இது நேற்று செய்தது மாதிரி இருக்கிறதே!” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதன் பிறகு வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு இந்தக் குப்பிகள் மேல் பல வருடப் பிரியம். அதனால் சில பதில்கள் நீண்டுதான் போகும்.

இவை எந்தக் காலத்தவை? எங்கே செய்தார்கள்?

இரண்டு பெரிய கட்டங்கள் உண்டு. முதலாவது எகிப்து. மூன்றாம் துத்மோஸ் என்ற பாரோவின் பெயர் பொறித்த கண்ணாடிக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. அவர் ஆண்டது கிமு 15ஆம் நூற்றாண்டு. கிமு 1200ஐ ஒட்டி அந்தப் பகுதியின் பேரரசுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது இந்தக் கைத்தொழிலும் கிட்டத்தட்ட நின்றுபோனது.

இரண்டாவது கட்டம் கிமு 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க உலகில் தொடங்குகிறது. ரோட்ஸ் தீவில் இந்தக் குப்பிகள் ஏராளமாகக் கிடைப்பதால் பட்டறைகளும் அங்கேதான் இருந்தன என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இத்தாலி முதல் கருங்கடல் கரை வரை இவை போயிருக்கின்றன. நான் இங்கே பெரும்பாலும் பேசுவது இந்த இரண்டாம் கட்டக் குப்பிகளைப் பற்றி. எகிப்தையும் விட முடியாது, ஏனென்றால் செய்முறை ஒன்றேதான்.

குழாயில் ஊதிச் செய்தார்களா?

இல்லை. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். கண்ணாடியை ஊதிக் கலம் செய்யும் வித்தை கிமு முதல் நூற்றாண்டில்தான் வந்தது. எருசலேமில் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பட்டறைக் கழிவுகளை அகழ்ந்தெடுத்தபோது, ஊதும் முயற்சியின் மிகப் பழைய தடயங்கள் கிடைத்தன. நம் நீலக் குப்பி அதற்கும் நானூறு, ஐந்நூறு வருடம் மூத்தது.

அப்படியென்றால் உள்ளே வெற்றிடம் எப்படி வந்தது? முதலில் ஒரு உலோகக் கம்பியின் முனையில் களிமண், மணல், சாணம் அல்லது வைக்கோல் போன்றவற்றைப் பிசைந்து, குப்பியின் உள்வடிவத்தில் ஒரு கரு பிடிப்பார்கள். சாணமும் வைக்கோலும் சூட்டில் எரிந்து கரு பொறுபொறுவென்று ஆகிவிடும். பிறகு சுரண்டி எடுக்க அதுதான் வசதி. கரு நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் உருகிய கண்ணாடியைப் போர்த்த வேண்டும். எப்படிப் போர்த்தினார்கள் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. பாகு போல இழையாக விட்டுச் சுற்றினார்கள் என்பது ஒரு கட்சி. உருகிய கண்ணாடிக்குள் முக்கி எடுத்தார்கள் என்பது இன்னொரு கட்சி. பொடித்த கண்ணாடியில் புரட்டிச் சுட்டார்கள் என்பாரும் உண்டு. இழை சுற்றுவதை நான் நம்புகிறேன். சில குப்பிகளின் உட்புறத்தைப் பார்த்தால் சுற்றின தடம் தெரிகிற மாதிரியே இருக்கும்.

போர்த்தியதும் சூடு ஆறுவதற்குள் வழவழப்பான கல்பலகை மேல் உருட்டிச் சமன் செய்வார்கள். ஆறிவிட்டால் மறுபடி உலை வாயில் காட்ட வேண்டும். அப்புறம் வரி, வாய் விளிம்பு, காது. எல்லாம் முடிந்ததும் குப்பியை மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் விரிசல் விட்டுப் போகும். முழுக்க ஆறியபின் கம்பியை உருவி, உள்ளே இருக்கும் கருவைச் சுரண்டி எடுப்பார்கள்.

ஒரு குப்பி, ஒரு கரு. குப்பியை வெளியே எடுக்கக் கருவை உடைத்தே ஆக வேண்டும். அச்சு வைத்து நூறு வார்க்கும் கதை இங்கே கிடையாது. அதனால் ஜோடியாகக் கிடைத்த குப்பிகள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

அந்த அலை வரிகளைத் தூரிகையால் தீட்டினார்களா?

தீட்டவே இல்லை. அவையும் கண்ணாடிதான். மஞ்சள் கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து, சூடாக இருக்கும் நீல உடம்பின் மேல் ஜிலேபி பிழிவதுபோல் சுற்றிக்கொண்டே வருவார்கள். அடுத்து வெளிர்நீல இழை. இந்த நிலையில் வரிகள் எல்லாம் நேரான வளையங்கள்தான். பிறகு கூரிய ஒரு கருவியை அந்த இளகிய பரப்பில் மேலிருந்து கீழாக இழுப்பார்கள். இழுத்த இடத்தில் வளையங்கள் கீழ்நோக்கி வளையும். குப்பியைச் சற்றுத் திருப்பி, இந்தமுறை கீழிருந்து மேலாக இழுப்பார்கள். இப்படி மாற்றி மாற்றி இழுத்தால் இறகு போன்ற வடிவமோ, கூர்மையான வளைவு நெளிவோ வரும். ஒரே திசையில் மட்டும் இழுத்தால் தோரணம் தொங்குவது மாதிரி வரும்.

நல்ல படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். வரி வளையும் ஒவ்வொரு முனையிலும் மேலிருந்து கீழாக மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். கருவி போன பாதை அது. சில குப்பிகளில் இடைவெளி சீராக இருக்கும். சிலவற்றில் ஒரு சுற்று முடியும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு பள்ளம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சுற்றி வந்தபோது இடம் போதவில்லை! இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளி அந்த நொடியில் எடுத்த முடிவு அப்படியே உறைந்து நிற்கிறது. நான் இந்தக் குப்பிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே இதற்காகத்தான்.

நிறங்கள் எங்கிருந்து வந்தன?

கருநீலம் கோபால்ட். வெளிர்நீலம் செம்பு. வெள்ளையும் மஞ்சளும் ஆன்டிமனி என்ற தனிமம் சேர்ந்ததால் வருபவை: சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் வெள்ளை, ஈயத்தோடு சேர்ந்தால் மஞ்சள். எகிப்தியர் தங்கள் கோபால்ட்டை மேற்குப் பாலைவனத்தின் கார்கா, தாக்லா பாலைச்சோலைகளில் கிடைத்த படிகாரத்திலிருந்து எடுத்தார்கள்.

கண்ணாடி என்கிறீர்கள், ஆனால் உள்ளே இருப்பது தெரியவில்லையே?

இதைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். கண்ணாடி என்றாலே ஊடுருவிப் பார்ப்பது என்று நாம் பழகிவிட்டோம். அன்றைக்குக் கண்ணாடி என்பது மனிதன் செய்த ரத்தினக்கல். எகிப்திய மொழியில் அதற்கு ‘வார்க்கும் கல்’ என்ற பொருளில் பெயர் இருந்தது. மெசபொத்தேமியர் ‘மலை நீலக்கல்’, ‘உலை நீலக்கல்’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். முதலாவது ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த உண்மையான நீலக்கல். இரண்டாவது கண்ணாடி. அதை ‘போலி’ என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அரசர்கள் கேட்டு வாங்கினார்கள். எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில் ஒன்றில், அஸ்கலோன் நகரத்து ஆட்சியாளர் பாரோவுக்கு 30 கண்ணாடித் துண்டுகளை அனுப்புவதாக எழுதுகிறார்.

கடலடியில் இதற்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் என்ற இடத்தில், கிமு 1300ஐ ஒட்டி மூழ்கிய ஒரு கப்பலை 1982இல் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர் கண்டார். 1984 முதல் 1994 வரை அதை அகழ்ந்தார்கள். செம்பும் தகரமும் தந்தமும் போக, சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் அதில் இருந்தன. வட்டு வட்டாக, கருநீலமும் வெளிர்நீலமும். அதாவது கண்ணாடியை உருவாக்கும் இடம் ஒன்று, அதைக் கலமாக்கும் இடம் வேறு. கட்டியாக வாங்கி வந்து, உருக்கி, இழை இழுத்துக் குப்பி செய்தார்கள்.

மீன் வடிவில்கூட ஒன்று உண்டாமே?

உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் அதைப் பாருங்கள்.

1921இல் அமர்னாவில் ஒரு வீட்டின் தரைக்கு அடியில் வேறு பொருட்களோடு சேர்த்துப் புதைத்து வைத்திருந்தது கிடைத்தது. நீளம் சுமார் 14.5 சென்டிமீட்டர். நீல உடம்பில் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீல இழைகளைச் சுற்றி, கருவியால் இழுத்து அடுக்கடுக்கான வளைவு ஆக்கியிருக்கிறார்கள். அந்த வளைவுகளே செதில்கள்! வரி போடும் அதே வித்தையில் மீனின் தோல் வந்துவிட்டது. வாய் திறந்திருக்கும். குப்பியின் வாயும் அதுதான். தைலம் மீனின் உதட்டிலிருந்து சொட்டும்.

மீன் எது என்று கேட்டால் நமக்குச் சிரமமே இல்லை. நைல் நதித் திலாப்பியா. நம் ஏரிகளிலும் சந்தைகளிலும் ஜிலேபி மீன் என்று விற்கிறோமே, அதன் நெருங்கிய உறவு. இந்த மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆபத்து நீங்கியதும் அவை வாயிலிருந்து கூட்டமாக வெளியே வரும். அதைப் பார்த்த எகிப்தியர், இந்த மீனை மறுபிறப்பின் அடையாளமாகக் கொண்டார்கள்.

அடி உருண்டையாக இருக்கிறதே, எப்படி நிற்கும்?

பல குப்பிகள் நிற்காது. முக்கியமாக நான்கு வடிவங்கள். நீள உருளையாக, அடி உருண்டு இருப்பது அலபாஸ்ட்ரான். எகிப்தில் அலபாஸ்டர் என்ற வெண்கல்லைக் குடைந்து செய்த தைலக் குப்பியின் வடிவத்தைக் கண்ணாடிக்கு மாற்றியது. பந்து போல உருண்டது அரிபல்லோஸ். இரண்டு பக்கமும் பிடி வைத்து அடியில் சிறு குமிழோடு முடிவது ஆம்போரிஸ்கோஸ். ஒரே பிடியும் மூன்று இதழ் போல மடங்கிய வாயும் உள்ள குட்டிச் செம்பு ஒய்னோகோயே. இது மட்டும் தன் காலில் நிற்கும்.

மற்றவை கையில் பிடிக்கவும், கயிற்றில் தொங்கவிடவும் செய்தவை. கிரேக்க மண்பாண்ட ஓவியங்களில் பெண்கள் அலபாஸ்ட்ரானைக் கையில் ஏந்தியிருப்பார்கள். அரிபல்லோஸ் மல்யுத்தக்காரர்களின் மணிக்கட்டில் தொங்கும். கழுத்து குறுகலாக இருப்பதால் தைலம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வட்டத் தட்டு போன்ற அகல விளிம்பு அந்தச் சொட்டைத் தோலில் தேய்த்துவிட உதவும். நம் ஊர் அத்தர் குப்பியில் மூடியோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சி செய்யும் வேலை அது.

உள்ளே என்ன இருந்தது?

இன்றைய செண்ட் அல்ல. சாராயத்தில் கரைத்த வாசனைத் திரவியம் அப்போது இல்லை. எண்ணெய்தான் அடிப்படை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் வாசனைகளைப் பற்றித் தனியாகவே எழுதிவைத்திருக்கிறார். எந்த எண்ணெய் வாசனையை நன்றாக வாங்கும், எது சீக்கிரம் கெடும் என்றெல்லாம் ஒரு கடைக்காரர் மாதிரி பேசுவார். அவர் உயர்வாகச் சொல்லும் ‘பலனோஸ்’ எண்ணெயை நம் முருங்கையின் உறவான ஒரு பாலைவன மரத்தின் விதை எண்ணெய் என்று பலர் அடையாளம் காண்கிறார்கள். ரோஜா, அல்லி, ஐரிஸ் கிழங்கு, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை எல்லாம் எண்ணெயில் ஊறின.

அவர் சொல்லும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாசனை வியாபாரி, எகிப்தியத் தைலத்தை எட்டு வருடமும் ஐரிஸ் தைலத்தை இருபது வருடமும் கடையில் வைத்திருந்தாராம். கெடவில்லை, புதியதைவிட நன்றாகவே இருந்ததாம். வெயிலும் சூடும் வாசனையைக் கொன்றுவிடும் என்பதால் வியாபாரிகள் வெயில் படாத மாடி அறைகளைத் தேடுவார்கள், ஈயத்திலும் அலபாஸ்டர் கல்லிலும் ஊற்றி வைப்பார்கள் என்றும் எழுதுகிறார். ஒளி புகாத கருநீலக் கண்ணாடியும் அந்த வேலைக்குப் பொருத்தமானதுதான்.

அந்த வாசனையை இப்போது முகர முடியுமா?

திறந்த வாயோடு மண்ணில் கிடந்த குப்பிகளில் முடியாது. அடியில் கறையாக ஏதாவது ஒட்டியிருந்தால் வேதியியல் ஆய்வு எண்ணெய், பிசின் என்ற அளவுக்குச் சொல்லும்.

ஒரு விதிவிலக்கு நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும். ஸ்பெயினின் கார்மோனா நகரில் 2019இல் ஒரு ரோமானியக் குடும்பக் கல்லறை வெளிப்பட்டது. காலம் கிபி முதல் நூற்றாண்டு. ஒரு பெண்ணின் அஸ்தி வைத்த கண்ணாடித் தாழிக்குள் படிகக்கல்லில் குடைந்த சிறு குப்பி இருந்தது. வாயில் கல் அடைப்பான், அதைச் சுற்றி நிலக்கீல் பூச்சு. காற்றே புகவில்லை. உள்ளே கட்டியாகிப்போன தைலத்தைக் கோர்தோபா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள்: தாவர எண்ணெயில் பச்சூலி. ஊதுவத்திக் கடையில் இன்றும் மணக்கும் அதே பச்சூலி. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லே தமிழிலிருந்து போனதென்று அகராதிகள் குறிக்கின்றன. நம் ‘பச்சிலை’யை ஒட்டிய சொல்.

இவை கண்ணீர் பிடித்து வைக்கும் குப்பிகளா?

இல்லை. ஆனால் எவ்வளவு சொன்னாலும் ஓயாத கதை இது. கல்லறைகளில் சிறு குப்பிகள் கிடைத்ததும், அழுதவர்கள் கண்ணீரை அதில் பிடித்து வைத்தார்கள் என்று பிற்காலத்து ஐரோப்பியர் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கு வேதாகமத்தின் 56ஆம் சங்கீதத்தில், கண்ணீரைச் சேர்த்துவைக்கும்படி கடவுளை வேண்டும் வரியைத் துணைக்கு அழைத்தார்கள். ஆங்கில வேதாகமத்தில் அந்த இடத்தில் குப்பி என்று வரும். நம் தமிழ் வேதாகமம் ‘துருத்தி’ என்கிறது, அதாவது தோற்பை. மூல எபிரேயச் சொல்லுக்கு நெருக்கமானது தமிழ்தான். இறந்தவர் உடலுக்குத் தைலம் பூசினார்கள், சடங்கில் தைலம் ஊற்றினார்கள், பிரியமான பொருளைக் கூடவே வைத்து அனுப்பினார்கள். குப்பிகள் கல்லறைக்குப் போனதற்கு இந்தக் காரணங்களே போதும்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

குப்பிக்கு இல்லை, உள்ளே இருந்த பொருளுக்கு உண்டு. அதுவும் ரோமானியர் காலத்தில். இமயமலையில் விளையும் சடாமாஞ்சில் என்ற வாசனை மூலிகைதான் மேலை நாட்டார் கொண்டாடிய நார்டு. வேதாகமத்தில் பெத்தானியா என்ற ஊரில் ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றியது இந்தத் தைலத்தை. தமிழ் வேதாகமத்தில் ‘நளதம்’. இந்தப் பொருள் சேர நாட்டு முசிறித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. வியன்னாவில் உள்ள கிபி 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, ஹெர்மபோலோன் என்ற கப்பலில் முசிறியிலிருந்து போன சரக்கைக் கணக்குக் காட்டுகிறது. கங்கை நார்டு மட்டும் 60 பெட்டி. எதிர்த்திசையில் மேற்கிலிருந்து கச்சாக் கண்ணாடி முசிறிப் பக்கம் வந்து இறங்கியதாகப் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது.

அழகான இந்தத் தொழில் ஏன் மறைந்தது?

ஊதுகுழல் வந்துவிட்டது. கரு பிடித்து, இழை சுற்றி, சுரண்டி எடுக்க ஆகும் நேரத்தில் ஊதுகிறவர் வரிசையாகக் குப்பிகளை அடுக்கிவிடுவார். ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை வாங்கலாம் என்று அந்தக் காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். விலை விழுந்ததும் சாதாரண வீட்டுக்குள்ளும் கண்ணாடி வந்தது. அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு குப்பியிலும் தனித்தனியாக இழுத்த அந்த வரி போனது எனக்கு வருத்தமே.

சிலவற்றில் மயில்கழுத்து நிறம் மின்னுகிறதே, அப்படியே செய்தார்களா?

இல்லை. மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்து உப்புச் சத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு ஏடு ஏடாகப் பிரியும். அந்த மெல்லிய ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் இந்த மினுமினுப்பு. பார்க்க அழகு, கண்ணாடிக்கோ அது சிதைவு. தேய்த்துத் துடைத்தால் ஏடுகள் உதிர்ந்துவிடும்.

இணையத்தில் விற்கிறார்கள். ஒன்று வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். எந்த அகழ்வில், எந்த ஆண்டு, யார் கை வழியாக வந்தது என்ற தாள் இல்லாத குப்பி பெரும்பாலும் கல்லறையை உடைத்துத் திருடியதாகவோ போலியாகவோ இருக்கும். களவாடிய பழம்பொருள் வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் ஒப்பந்தமே கொண்டுவந்தது. தோண்டியவன் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைத்துவிடுவான். பக்கத்தில் யார் படுத்திருந்தார், கூட என்ன இருந்தது என்பது அதோடு போய்விடும். கார்மோனாவில் பச்சூலி தெரிய வந்தது, முதலில் அங்கே போனவர்கள் ஆய்வாளர்களாக இருந்ததால்தான்.

எங்கே பார்க்கலாம்?

பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸில் லூவ்ர், நியூயார்க்கில் மெட்ரோபொலிட்டன், ரோட்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம். கண்ணாடிக்கென்றே இருப்பது நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம். பயணம் முடியாவிட்டால் பரவாயில்லை, இவற்றில் பலவும் நல்ல படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. உடைந்த குப்பியின் படத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உடைந்தால்தான் சுவரின் கனமும் உட்புறமும் தெரியும்.

இன்று யாராவது இப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். 1960களில் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டொமினிக் லபினோ இந்த முறையை மறுபடி செய்து பார்த்தார். கார்னிங்கில் வில்லியம் குடன்ராத் செய்து காட்டியதைக் காணொளியாகவே பார்க்கலாம். கம்பியை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் இழை விடுவது, இழை கனத்துப்போனால் உடனே நெருப்பில் காட்டித் திருத்துவது, பிறகு கொக்கி போட்டு இழுப்பது என்று ஒவ்வொன்றையும் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வோம்.

கடைசியில் கருவைச் சுரண்டும் கட்டம் வரும். கம்பியை உருவிய துளை வழியாகத்தான் எல்லாம் வெளியே வர வேண்டும். நடுவில் இருப்பது எளிதாக உதிரும். கழுத்துக்குக் கீழே, தோளின் உள்வளைவில் கருவி எட்டாத இடத்தில் கொஞ்சம் கரு ஒட்டிக்கொண்டே நிற்கும். பழைய குப்பிகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தாலும், அதே தோளில், சுரண்டியவர் கை எட்டாமல் விட்ட அந்தக் கரு இன்னும் ஒட்டியிருக்கிறது.